இரண்டாவது பிரேக்

பயிற்சி வண்டியில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்றுக்கொள்கிறவரின் காலடியில். இன்னொன்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் வாத்தியாரின் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் வலது காலை வைத்துக்கொண்டே பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தியவர் அவர். புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே நடுங்கிக்கொண்டு, நான் தப்பு செய்தால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். அவர் வாயால் பதில் சொல்ல மாட்டார். குனிந்து தன் ஷூவைக் காட்டுவார். அதனாலேயே அவருக்குப் பிரேக் வாத்தியார் என்று பெயர் விழுந்துவிட்டது. கடைத்தெருவில் அவரோடு பத்து நிமிஷம் நடந்தால் நாலு பேராவது வண்டிக் கண்ணாடியை இறக்கி வணக்கம் சொல்வார்கள். அத்தனை பேரும் ஒரு காலத்தில் அவர் காலை நம்பி ஸ்டியரிங்கைப் பிடித்தவர்கள்.

அந்தப் பயிற்சிப் பள்ளியை அவரும் அவருடைய சகலையும் சேர்ந்து நடத்தினார்கள். சகலை என்றால் மனைவியின் அக்கா கணவர். இரண்டு கார், ஓர் அறை, ஒரு மேசை, சுவரில் சாலைக் குறிகளின் படம், அவ்வளவுதான் பள்ளி. அரசாங்க அனுமதி சகலையின் பெயரில். பேச்சும் சகலையுடையது. தெருவில் சும்மா போகிறவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நாளைக்கே கார் வாங்கப்போகிறவராக மாற்றி அனுப்புகிற வாய் அது. பாடம் எடுப்பதில் மட்டும் இருவருக்கும் ஆளுக்கொரு பாணி. ஒரு வண்டியின் உள்ளே உட்காருகிற விதத்தைப் பார்த்தே, இவர் நம்மிடம் படித்தவரா சகலையிடம் படித்தவரா என்று பிரேக் வாத்தியார் சொல்லிவிடுவார். சகலையிடம் படித்தவர்கள் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியை விரலால் பிடித்துத் திருப்ப மாட்டார்கள். ரேகை படிந்துவிடும் என்று ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் முட்டியால் ஒரு தள்ளுத் தள்ளுவார்கள். பிறகு கியர்த் தண்டின் தலையில் இரண்டு தட்டு. தட்டு எதற்கென்று கேட்டால் சகலையே பதில் தெரியாமல் சிரிப்பார்.

பள்ளியில் இரண்டு சட்டங்கள் இருந்தன. முதல் சட்டம் பிரேக் வாத்தியார் போட்டது. ஓர் ஆளுக்கு வாரத்தில் இரண்டே பாடம். திங்களும் வியாழனும் சிலருக்கு, செவ்வாயும் வெள்ளியும் சிலருக்கு, புதனும் சனியும் மிச்சப் பேருக்கு. காலில் விழுந்து கேட்டாலும் மூன்றாவது பாடம் கிடையாது. கற்றது உடம்பில் ஊறுவதற்கு நடுவில் நாள் வேண்டும் என்பார். எதையும் வளைத்துப் பார்க்கிற சகலை இந்த ஒன்றை மட்டும் ஒருநாளும் மீறியதில்லை.

இரண்டாவது சட்டம் அரசாங்கத்துடையது. தினமும் காலையில் ஒவ்வொரு வாத்தியாரும் ஒரு சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும்: நான் நல்ல உடல்நிலையில் இருக்கிறேன், மயக்கம் தரக்கூடிய மருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. இதைச் சகலை தன் வழியில் சுருக்கிவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் கடை சாத்துமுன் அடுத்த வாரத்தின் ஆறு சீட்டுகளையும் வரிசையாகப் பரப்புவார். இவர் ஆறு கையெழுத்தையும் நின்றவாக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். வருகிற வியாழக்கிழமை தனக்கு உடம்பு எப்படி இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரு நாள்கூடத் தலைவலி என்று உட்கார்ந்தவரில்லை. அதனால் அந்தக் கேள்வி வந்ததே இல்லை.

வந்தது, அக்கியின் வடிவத்தில். இடது விலாவில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, மூன்று வாரத்தில் காய்ந்து உதிர்ந்தும் விட்டது. வலி மட்டும் போவேனா என்றது. சட்டைத் துணி உரசினாலே எரிந்தது. டாக்டர் நரம்பு வலிக்கென்று ஒரு மாத்திரை கொடுத்தார், ராத்திரிக்கு மட்டும். அது போதவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அதாவது அடுத்த வாரத்துச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டு நாலு மணி நேரம் கழித்து, டாக்டர் காலையிலும் ஒன்று போட்டுக்கொள்ளச் சொன்னார். முதல் ஒரு வாரம் தலை கனக்கும், கை கால் மெதுவாகத்தான் கேட்கும், பழகுகிற வரைக்கும் வண்டி ஓட்ட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியும் அனுப்பினார்.

பிரேக் வாத்தியார் டாக்டர் சொல்லைத் தட்டுகிறவர் அல்ல. திங்கட்கிழமை காலை எழுந்தபோது தரை கொஞ்சம் தள்ளி இருந்தது. அடுப்படிக்குப் போய், விலாவில் உரசாமல் சட்டைப் பொத்தானைப் போட இரண்டு கையும் வேண்டியிருந்ததால், கைப்பேசியை மேடைமேல் வைத்து ஸ்பீக்கரில் சகலையைக் கூப்பிட்டார். மூன்றடி தள்ளி மனைவி டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"சகலை, இன்னைக்கு என்னால முடியாது. புது மாத்திரை தலையைச் சுத்துது. டாக்டர் ஓட்டவே கூடாதுன்னுட்டார்."

சகலை சிரித்தார். "நீங்க எங்க ஓட்டறீங்க? ஓட்டப்போறது தையல்கார அம்மா. நீங்க பக்கத்துல சும்மா உக்காரப்போறீங்க."

இப்போது கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அது அப்பட்டமான நியாயமாகத்தான் படும். இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது அந்த இருக்கையிலிருந்து இறங்கி, நான் வண்டி ஓட்டினேன் என்று அவர் சொன்னதுண்டா? உட்கார்ந்தேன் என்றுதான் சொல்வார். இன்று எட்டு மணி நேரம் உட்கார்ந்தேன் என்பார். ஓட்டுவது மற்றவர்கள். அவர் வேலை உட்காருவது. ஆனாலும் காலைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சகலை விடவில்லை. அந்த அம்மாவுக்கு வருகிற சனிக்கிழமை டெஸ்ட், ஒரே ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

மனைவி டீயைக் கையில் கொடுத்தாள். "அத்தான் சொல்றதும் சரிதானே. ஒரு மணி நேரம்தானே, போயிட்டு வந்துடுங்க."

போனார்.

தையல்கார அம்மா நல்ல மனுஷி. முப்பது வருஷம் தையல் மெஷினை மிதித்த கால் அவளுடையது. அந்தக் கால் ஆக்சிலேட்டரையும் அப்படியேதான் மிதித்தது: ஒரு ஓட்டு, ஒரு நிறுத்து, மறுபடி ஒரு ஓட்டு. அன்றைக்கு வண்டியில் ஏறியதும் அவளிடம், எனக்குத் தலை கொஞ்சம் கனமாக இருக்கிறது, நிதானமாகப் போங்கள் என்று சொன்னார். அவளும் நிதானமாகத்தான் போனாள். வங்கி முனையில், கோடு போட்ட இடத்தில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு தபால்காரர் ரோட்டைக் கடந்தார். தையல்கார அம்மா பதறிவிட்டாள். பதற்றத்தில் பிரேக்குக்குப் பதிலாக மற்றதை மிதித்துவிட்டாள்.

இப்படி ஆயிரம் தடவை நடந்திருக்கிறது. ஆயிரம் தடவையும் அவர் கால் அவரைக் கேட்காமலே இறங்கியிருக்கிறது. அன்றைக்கும் அவர் எல்லாவற்றையும் பார்த்தார். தபால்காரரின் பையிலிருந்த கடிதக் கட்டின் ரப்பர் வளையம்கூடத் தெரிந்தது. மிதி என்று காலுக்குச் சொன்னார். கால் வந்தது. ஆனால் சாவகாசமாக வந்தது. அது வந்து சேர்ந்தபோது சைக்கிள் வண்டிக்குக் கீழே இருந்தது. தபால்காரர் தோள்பட்டை எலும்பு முறிந்து ஓரத்தில் கிடந்தார்.

போலீஸிலிருந்து ஓர் அம்மாள் வந்து ஊதச் சொன்னாள். ஊதினார், ஒன்றுமில்லை. கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள். ரோட்டுக் கோட்டின்மேல் நடக்கச் சொன்னாள். ஊருக்கே நேர்க்கோட்டில் போகக் கற்றுக்கொடுத்தவர் மூன்றாவது அடியில் தடுமாறினார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது, சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து அவரே நீட்டினார். ஓட்டியது அந்த அம்மாதானே என்றும் வெள்ளந்தியாகக் கேட்டார். போலீஸ் அம்மாள் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவங்க கத்துக்கறவங்க. சட்டப்படி ஓட்டுநர் நீங்கதான். பிரேக் யார் கால்ல இருக்கோ அவங்க பொறுப்புலதான் வண்டி."

ரத்தம் எடுத்தார்கள். மருந்து மயக்கத்தில் வண்டியைப் பொறுப்பில் வைத்திருந்தார் என்று வழக்கு எழுதி, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்து படுத்தவர் மறுநாள் பகல் வரை எழவே இல்லை. சகலை முந்தின நாள் சாயங்காலமே வந்து பார்த்துவிட்டுப் போனதாகவும், எழுப்ப வேண்டாம் என்று சொன்னதாகவும் மனைவி பிறகு சொன்னாள். அவருக்கு அது இதமாகத்தான் இருந்தது.

வழக்கு விசாரணைக்கு வரப் பதினோரு வாரம் ஆனது. அதுவரை பயிற்சி கொடுக்கக் கூடாது, ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. அவர் அந்தப் பாழாய்ப்போன மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு வலியோடு வீட்டில் உட்கார்ந்தார். சகலை இரண்டு நாளுக்கு ஒருமுறை போன் செய்து, கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார். மனைவியின் அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்ததாம். கூடமாட ஒத்தாசைக்கு மனைவி வாரத்தில் இரண்டு நாள் காலையில் அங்கே போய்வந்தாள். நானும் ஒரு எட்டு வந்து பார்க்கிறேனே என்று இவர் கேட்டதற்கு, கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறாள், எழுந்து நடக்கட்டும், அப்புறம் போகலாம் என்றாள். அவள் இல்லாத காலைகளில் அவர் வீட்டைப் பெருக்கினார், துணி துவைத்தார், எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று கல்யாணமாகி முதல்முறையாகத் தெரிந்துகொண்டார். ஒரு நாள் பழம் வாங்கிக்கொண்டு தபால்காரரைப் பார்க்கப் போனார். கையைக் கழுத்தோடு தூளி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனுஷன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என் தோளைவிட உங்க மூஞ்சி மோசமா இருக்கே சார்" என்றார். இருவரும் சிரித்தார்கள். அந்தப் பதினோரு வாரத்தில் அவர் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

வக்கீல் விஷயத்தை உடைத்துச் சொன்னார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை என்பது நமக்குச் சாதகம். உடம்பு சரியில்லை என்று நீங்கள் நிர்வாகத்துக்குச் சொல்லி, அதையும் மீறி நிர்வாகம் உங்களை அனுப்பியது என்று நிரூபித்தால், மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்திவைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நிரூபிக்காவிட்டால், மருந்து சாப்பிடவில்லை என்று அன்றைய தேதிச் சீட்டில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. தெரிந்தே பொய் எழுதிக் கொடுத்தவர் ஆகிவிடுவீர்கள். ஐந்து வருஷம் வண்டி ஓட்ட முடியாது. வாத்தியார் வேலை ஆயுசுக்கும் இல்லை. இப்போது சொல்லுங்கள், அந்தப் போன் பேச்சைக் கேட்டவர்கள் யார்?

கேட்டவர்கள் மூன்று பேர். பேசியவர் அவர். மறுமுனையில் சகலை. மூன்றடி தள்ளி அவர் மனைவி.

"அத்தானே ஒத்துக்குவார். ஒத்துக்காட்டி நான் இருக்கேன்ல. கேட்டதைச் சொல்றதுக்கு என்ன?" என்றாள் மனைவி, வக்கீலின் முன்னாலேயே. அன்று ராத்திரி அவருக்கு வலியோடுகூட நல்ல தூக்கம் வந்தது.

விசாரணை ஒரு திங்கட்கிழமை. மனைவியின் அக்காவை முன்னால் உட்காரவைத்து ஓட்டிவந்த சகலை இவர்கள் இருவரையும் ஏற்றிக்கொள்ள, நாலு பேரும் அந்த வண்டியிலேயே போனார்கள். அது பிரேக் வாத்தியாரின் வண்டிதான், முன்பக்கம் நிமிர்த்தி வண்ணம் பூசியிருந்தது. கோர்ட் கூடத்தில் மின்விசிறி மட்டும் கடகடவென்று பேசிக்கொண்டிருந்தது. முதலில் தையல்கார அம்மா ஏறினாள். தலை கனமாக இருக்கிறது என்று அவர் சொன்னதையும், நிதானமாகப் போகச் சொன்னதையும், பிரேக் நேரத்துக்கு விழாததையும் உள்ளது உள்ளபடி சொன்னாள். அது அவருக்குப் பாதகமான சாட்சி. இருந்தாலும் அவளைப் பார்த்து அவர் தலையசைத்தார். மிதித்தது நான்தானே ஐயா, அவரை ஏன் நிற்க வைக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

அடுத்து சகலை. அன்று காலை மூன்று நிமிஷம் போனில் என்ன பேசினீர்கள் என்று வக்கீல் கேட்டார். டயருக்குக் காற்று அடிப்பதைப் பற்றி என்றார் சகலை. உடம்பைப் பற்றிப் பேச்சே வரவில்லையா? வந்தது, நானே விசாரித்தேன், நன்றாக இருக்கிறேன் என்று சொன்னார், இதோ சீட்டு என்றார். குரலில் ஒரு பிசிறு இல்லை. கையெழுத்துப் போட்ட சீட்டை நீதிபதியின் பக்கம் நகர்த்திவைத்தபோது, ஓரம் மேசையோரத்துக்கு நேராக இருக்கிறதா என்றுகூடச் சரிபார்த்தார்.

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று ஆயிரம் தடவை பேச்சுவாக்கில் சொல்லியிருப்போம். அறுபடும்போது முதலில் வலிப்பதில்லை என்பது அன்றைக்குத்தான் பிரேக் வாத்தியாருக்குத் தெரிந்தது. ஆச்சரியம்தான் இருந்தது. இந்த ஆளின் மகள் கல்யாணத்தில் மூன்று நாள் செருப்புக் கழற்றாமல் ஓடியவன் நான் என்று ஒரு சம்பந்தமில்லாத நினைப்பு வந்தது. பரவாயில்லை, இன்னொரு சாட்சி இருக்கிறதே என்று கூண்டைப் பார்த்தார். மனைவி ஏறிக்கொண்டிருந்தாள். அவளே காலையில் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையைத்தான் அவர் போட்டிருந்தார்.

வக்கீல் அன்பாகத்தான் கேட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்ததா? இருந்தது. நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா? அடுப்படியில் இருந்தேன். என்ன பேசிக்கொண்டார்கள்?

அவள் கூண்டின் கட்டையைப் பார்த்தாள். "வேலையா இருந்தேன். காதுல விழல."

வக்கீல் மறுபடி கேட்டார். மூன்றடி தூரம்தானே அம்மா என்றார். அவள் அதே பதிலை அதே வரிசையில் சொன்னாள். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிரேக் வாத்தியாருக்கு மனப்பாடம் செய்தவர்களைத் தெரியும். எழுத்துத் தேர்வுக்கு வருகிற கூட்டம் சாலைக் குறிகளை இப்படித்தான் ஒப்பிக்கும். எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. அடி பாவி, அந்தக் கையால்தானே டீயைக் கொடுத்துப் போயிட்டு வாங்க என்றாய் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. ஆனால் உட்காருவதுதானே அவர் தொழில், உட்கார்ந்தே இருந்தார்.

தீர்ப்புக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஐந்து வருஷம்; பயிற்சி உரிமம் நிரந்தரமாக ரத்து. கீழே அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா அவருடைய லைசென்ஸ் அட்டையை வாங்கி, காகிதத்துக்குத் துளை போடும் கருவியில் வைத்து அமுக்கினார். அட்டை தடிமனாக இருந்ததால் இரண்டு தடவை அமுக்க வேண்டியிருந்தது. துளை போட்டதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்தபோது மனைவியின் அக்கா படிகளில் இறங்கிக்கொண்டிருந்தாள். கைப்பிடியைக்கூடப் பிடிக்காமல், புடவையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினாள். ஆபரேஷன் ஆன முழங்கால் இது என்று யாராவது சொன்னால் அந்த முழங்காலே சிரிக்கும். அவர் அதைப் பார்த்தார். பார்த்தும் அப்போது புத்தியில் ஏறவில்லை.

சகலை கண்ணைச் சந்திக்காமல், நாங்கள் ஆட்டோ பிடித்துக்கொள்கிறோம், நீங்கள் இதில் போங்கள் என்று சாவியை நீட்டினார். பிரேக் வாத்தியாரிடம் அல்ல. மனைவியிடம். அவளும் வாங்கிக்கொண்டாள்.

யார் ஓட்டப்போகிறார்கள் என்று அவர் கேட்பதற்குள் அவள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவர் பழக்கதோஷத்தில் தன் வழக்கமான இருக்கையில் ஏறினார். கால் தானாக இரண்டாவது பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்தது. அவள் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். பெல்ட்டைப் போட்டாள். ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் முட்டியால் கண்ணாடியை ஒரு தள்ளுத் தள்ளினாள். பிறகு கியர்த் தண்டின் தலையில் இரண்டு தட்டு.

அவர் கண் அந்த விரல் முட்டியிலேயே நின்றது.

அவள் வண்டியை எடுத்தாள். நன்றாக எடுத்தாள். குலுக்கல் இல்லை, உறுமல் இல்லை. கோர்ட் வாசலில் குறுக்கே வந்த லாரிக்கு வழிவிட்டு, பார்த்து, திரும்பி, மூன்றாவது கியருக்குப் போனாள். எத்தனையோ பேரைக் கரையேற்றியவர் அவர். ஒருவர் எவ்வளவு நாள் கற்றிருக்கிறார் என்பதை அவரிடம் யாரும் ஒளிக்க முடியாது.

"லைசென்ஸ்?"

"சனிக்கிழமை டெஸ்ட் பாஸ் பண்ணேன்."

"எத்தனை பாடம்?"

அவள் நாலாவது கியருக்கு மாற்றினாள். "இருபத்திரெண்டு."

வாரத்துக்கு இரண்டு. மூன்றாவது கிடையாது. அவர் போட்ட சட்டம். இருபத்திரண்டு பாடம் என்றால் பதினோரு வாரம். மனைவி அக்கா வீட்டுக்குப் போன நாட்களை நினைத்துப் பார்த்தார்: செவ்வாய், வெள்ளி, செவ்வாய், வெள்ளி. கடைசிப் பாடம் போன வெள்ளிக்கிழமை. அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் எண்ணிக்கொண்டே போனார். மோதியது திங்கட்கிழமை. முதல் பாடம் மறுநாள் செவ்வாய்க்கிழமை. அவர் மயங்கிக் கிடந்த காலையில், சகலையின் வண்டியில், பிரேக் பக்கம் சகலை உட்கார, ஸ்டியரிங் பக்கம் இவள் உட்கார்ந்திருக்கிறாள். கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முதல் போன் வருவதற்கு முன்னாலேயே எல்லாம் பார்த்துக்கொண்டாகிவிட்டது.

"அப்போ அன்னைக்கே முடிவு பண்ணிட்டீங்க."

"அத்தான் அன்னைக்கு சாயங்காலம் வந்தார்" என்றாள். கை ஸ்டியரிங்கில் சரியான இடத்தில் இருந்தது. "உண்மையைச் சொன்னா ஸ்கூலை மூடிடுவாங்கன்னார். ரெண்டு வீடும் தெருவுல நிக்கும். நீங்க ஒருத்தர் மட்டும்னா, ஒரு வீடு இன்னொரு வீட்டைத் தாங்கிக்கும்னார். உங்க இடத்துக்கு என்னை எடுத்துக்கறேன்னார். எனக்கு வேற வழி தெரியல."

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"நீங்க தூங்கிட்டு இருந்தீங்க. மாத்திரை."

"பதினோரு வாரமாவா?"

முன்னால் ஒரு வேகத்தடை வந்தது. கியரைக் குறைத்து, அலுங்காமல் ஏற்றி இறக்கினாள்.

கேட்டிருந்தால் அவரே ஒத்துக்கொண்டிருப்பாரோ என்னவோ. அதுதான் அவரை அறுத்தது. இரண்டு வீடு என்று சொல்லியிருந்தால், சரி, என் தலையிலேயே கட்டுங்கள் என்று அவரே கூண்டில் ஏறிச் சொல்லியிருப்பார். அப்படிப்பட்ட ஆள்தான் அவர். அது கூடப் படுக்கிறவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்கவில்லை. வலியில் புரண்ட ஒவ்வொரு ராத்திரியும் முதுகைத் தடவிக் கொடுத்தாள், வலிக்குதா என்று கேட்டாள். காலையில் எழுந்து குளித்து, பாடத்துக்குப் போனாள்.

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். தெரு காலியாக இருந்தது; ரொம்பத் தொலைவில் ஒரே ஒரு ஆட்டோ. முன்னாலும் யாருமில்லை. வலது காலால் இரண்டாவது பிரேக்கை மிதித்தார்.

கால் சொன்ன நேரத்துக்கு வந்தது. ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. வண்டி நின்றது. அவள் மூச்சு வாங்க அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் துளை போட்ட லைசென்ஸ் அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, இருவருக்கும் நடுவில், கியர்த் தண்டின் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார்.

"வீட்டுக்கு இன்னும் அஞ்சு கிலோமீட்டர் இருக்குங்க" என்றாள்.

"நடு ரோட்டுல நிக்காத. பின்னால வர்றவன் இடிச்சுடுவான்" என்றார். கதவைச் சாத்தினார்.

நடைபாதையில் ஏறி நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் சட்டை விலாவில் உரசி எரிந்தது. கொஞ்ச தூரம் வண்டி அவர் நடைக்கு ஈடாக, ஓரமாக ஊர்ந்து வந்தது. கண்ணாடி இறங்கியது, அவள் ஏதோ சொன்னாள், அவர் திரும்பவில்லை. அதற்குள் அந்த ஆட்டோ நெருங்கி வந்து ஹாரன் அடித்தது. உள்ளே சகலையும் அக்காவும் இருந்தார்களோ, வேறு யாரோ. வண்டி வேகமெடுத்து அவரைத் தாண்டிப் போனது. பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. தெருக்கோடியில் வலது பக்கம் திரும்புமுன், சொல்லிக் கொடுத்தபடி, அவள் இண்டிகேட்டர் போட்டாள்.